வெளியே எடுக்க வேண்டியது எந்தக் குஞ்சை? பட்ஜி ஜோடியின் முதல் அடை: ஒரு நிகழ்வு ஆய்வு

பட்ஜி என்ற சின்னக் கிளி ஜோடி ஒன்று, ஒரு மண் பானை, ஐந்து முட்டை, நான்கு குஞ்சு. பொரித்த இரண்டு வாரத்துக்குள் இரண்டு சிக்கல்கள் வந்தன. கடைக்குட்டிக்கு இரை கிடைக்காமல் உடம்பு சில்லிட்டுப் போனது. இரண்டாவது குஞ்சுக்குக் கால் விரிந்துபோனது. இது தனியொரு வீட்டில் நடந்த கதை அல்ல. முதல்முறை குஞ்சு பார்ப்பவர்கள் வீட்டில் திரும்பத் திரும்ப நடப்பதை ஒரே அடையாகக் கோத்து, எந்தக் கட்டத்தில் என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று இங்கே பார்க்கிறோம்.

தென்னைப் பொந்திலும் கோபுர இடுக்கிலும் கூடு வைக்கும் நம் ஊர்ப் பச்சைக்கிளிக்கு இது பொருந்தாது. அதை வீட்டில் வைத்திருப்பதே 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு (பாதுகாப்பு) சட்டப்படி குற்றம். கீழே விழுந்த பச்சைக்கிளிக் குஞ்சு கையில் கிடைத்தால் வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான் வழி. இங்கே பேசுவது கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் விற்கும் பட்ஜியைப் பற்றி. ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை இது. 1840இல் ஜான் கூல்ட் உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகு, உலகம் முழுக்கக் கூண்டிலேயே பெருகிவிட்டது.

அந்த வறண்ட நிலத்தில் மழை பெய்து புல் விதை பிடித்தால்தான் இனப்பெருக்கம். விதை எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிட்டு, எல்லாம் இட்டு முடியும்வரை காத்திராமல் முதல் ஓரிரு முட்டையிலேயே அடையில் உட்கார்ந்துவிடும். இட்ட வரிசையிலேயே குஞ்சும் பொரியும். இரை தாராளமாக இருந்தால் எல்லாம் தேறும். குறைந்தால் கடைசியில் பிறந்தது போகும். இந்த வயது இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சிக்கல் தானாகவே விளங்கும்.

ஜோடியும் பானையும்

பெட்டைக்கு வயது ஒன்று நிறைந்திருந்தது. மூக்குத் தோல் பழுப்பேறிச் சொரசொரப்பாக இருந்தது. அடைக்குத் தயார் என்பதற்கு இதுதான் அடையாளம். ஆணுக்கு மூக்குத் தோல் பளிச்சென்ற நீலம். பத்து மாதத்துக்குள் இருக்கும் பெட்டைக்குப் பானை கட்டினால் முட்டை வெளியே வராமல் அடைத்துக்கொள்ளும் ஆபத்து அதிகம். வால் ஆடியபடி, இறகை உப்பிக்கொண்டு தரையில் குந்தியிருக்கும் பெட்டையை உடனே வெதுவெதுப்பான, ஈரப்பதமான இடத்தில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். அடிவயிற்றை அமுக்கி முட்டையை எடுக்கப் பார்த்தால் முட்டை உள்ளேயே உடைந்து, பெட்டையும் போய்விடும்.

அடைக்கு மூன்று நான்கு வாரம் முன்பே தீனியைச் சரிசெய்ய வேண்டும். தினை, பனிவரகு, சாமை, கொஞ்சம் கம்பு. இவற்றோடு இரவு ஊறவைத்து முளைகட்டிய தானியம் ஒரு தேக்கரண்டி, முருங்கைக்கீரை, கொத்தமல்லி. கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓடு ஒன்று எப்போதும் கூண்டில் இருக்கட்டும். பாலக்கை அள்ளிப்போட வேண்டாம். அதிலுள்ள ஆக்சலேட் சுண்ணாம்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. குஞ்சு பொரித்ததும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவைத்த முட்டையை உதிர்த்து, காலை ஒரு தேக்கரண்டி வைக்கலாம். இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். நம் வெயிலில் அதற்குமேல் தாங்காது.

பானை விஷயத்தில்தான் இந்த வீடு சறுக்கியது. மண் பானை நல்லதுதான்; வெயிலில் குளுமையாக இருக்கும். ஆனால் உள்ளே அடி வழுவழுவென்று இருக்கும். அதில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு மரச் சீவல் போட வேண்டும். தச்சுப்பட்டறையில் இழைப்புளி தள்ளும் சுருள் சீவல்தான் சரி. வாளில் உதிரும் தூள் குஞ்சின் மூக்கை அடைக்கும். தேங்காய் நார் இன்னும் மோசம். ஒரு இழை விரலில் சுற்றிக்கொண்டால் ரத்தம் ஓடாமல் விரல் கறுத்து விழுந்துவிடும். இங்கே போட்டிருந்தது ஒரு பிடிச் சீவல். அதையும் பெட்டை இரண்டே நாளில் வாயால் கவ்வி வெளியே தள்ளிவிட்டது. பட்ஜிப் பெட்டைகளின் வழக்கமே அதுதான். தள்ளத் தள்ளத் திரும்பப் போட வேண்டும்.

எறும்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பொரிந்த அன்றே குஞ்சை எறும்பு மொய்த்துக் கொல்வது நம் ஊரில் சர்வசாதாரணம். கூண்டு ஸ்டாண்டின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்து, ஒரு பக்கமும் சுவரில் படாமல் தள்ளி நிறுத்தினால் போதும். எறும்பு சாக்பீஸால் கூண்டைச் சுற்றிக் கோடு போடக் கூடாது; அது பூச்சிமருந்து. கொசுவத்திப் புகையும், அடுப்பில் காய்ந்துபோன நான்ஸ்டிக் தவாவின் ஆவியும் பறவையின் நுரையீரலுக்கு ஆகாது.

முட்டை முதல் பொரிப்பு வரை

ஒவ்வொரு முட்டையும் அடையில் 18 நாள். ஆறாம் நாள் வாக்கில், பெட்டை இரைக்கு வெளியே வந்த நேரம் பார்த்து, செல்போன் டார்ச்சின் மேல் முட்டையைப் பிடித்தால் உள்ளே சிவப்பு நரம்பு தெரியும். வெறும் மஞ்சள் ஒளி மட்டும் தெரிந்தால் அது கூமுட்டை. இந்த அடையில் நான்காவது முட்டை கூமுட்டை. அதை எடுத்துப்போட அவசரம் இல்லை. சின்னக் குஞ்சு தலை சாய்த்துக்கொள்ள உதவும். பெட்டையின் முழு எடையும் குஞ்சின் மேல் விழாமல் கொஞ்சம் தாங்கவும் செய்யும்.

முதல் மூன்று குஞ்சும் ஒருநாள் விட்டு ஒருநாள் பொரிந்தன. நான்காவது கூமுட்டை என்பதால் கடைக்குட்டி வந்தபோது மூத்ததுக்கு எட்டு நாள் ஆகியிருந்தது. பொரிந்த பட்ஜிக் குஞ்சு சுமார் 2 கிராம் இருக்கும். கண் திறக்காது, உடம்பில் இறகு இராது. நன்றாகத் தேறுகிற குஞ்சு ஒரு வாரத்தில் 10 கிராமைத் தொட்டுவிடும். இரண்டு கிராம் குஞ்சும் அதைப்போல் ஐந்து மடங்கு எடையுள்ள அண்ணனும் ஒரே பானையில் கிடக்கிற நிலை இது.

முதல் வாரத்தில் வீட்டாருக்குள்ள வேலை தினமும் காலை ஒருமுறை எட்டிப் பார்ப்பது மட்டும்தான். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது பட்ஜிக்குப் பொருந்தாது. கையைக் கழுவி, வெதுவெதுப்பாக்கிக்கொண்டு குஞ்சைத் தூக்கலாம். கழுத்துக்குக் கீழே, நெஞ்சின் மேல் உள்ள தீனிப்பையைப் பாருங்கள். உள்ளே வெண்மையாக இரை தெரிந்தால் கவலை இல்லை. நகை எடை போடும் சிறு தராசில் தினமும் அதே நேரத்தில் நிறுத்து எழுதி வைத்தால், கண்ணுக்குத் தெரியும் முன்பே எடைத் தேக்கம் தாளில் தெரிந்துவிடும். விரலிலும் மேல் அலகின் உட்பக்கத்திலும் எச்சமோ இரையோ காய்ந்து ஒட்டியிருந்தால் வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். பிய்த்தால் நகம் கையோடு வரும். அலகில் ஒட்டியதை விட்டுவிட்டால் மேல் அலகு உள்வாங்கி, கீழ் அலகு துருத்திக்கொண்டு வளரும்.

கடைக்குட்டி: முதல் சிக்கல்

மூன்றாம் நாள் காலை கடைக்குட்டியின் தீனிப்பை காலியாக இருந்தது. தோல் இளஞ்சிவப்பு மாறி வெளுத்திருந்தது, தொட்டால் சில்லென்றது. வீட்டார் அதை வெளியே எடுத்து, பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு, பாலில் கரைத்த குழந்தைச் சத்துமாவைச் சொட்டுச்சொட்டாகக் கொடுத்தார்கள். குஞ்சு வாயைத் திறந்து வாங்கியும் கொண்டது. நான்கு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தீனிப்பை அப்படியே இருந்தது. கொஞ்சமும் இறங்கவில்லை.

இதில் மூன்று தப்பு ஒன்றாகச் சேர்ந்திருக்கிறது. முதலாவது, குளிர்ந்த குஞ்சுக்கு இரை கொடுத்தது. உடம்புச் சூடு இறங்கினால் குடல் இயக்கம் நின்றுவிடும். உள்ளே போன இரை நகராமல் கிடந்து புளிக்கும். எந்தக் குஞ்சாக இருந்தாலும் முதலில் வெப்பம், அது உடம்பில் ஏறிய பிறகுதான் உணவு. இரண்டாவது, பால். பாலில் உள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி பறவைக்குக் கிடையாது. மூன்றாவது, சத்துமாவு. மாவு அடியில் தங்கித் தண்ணீர் மேலே பிரியும். குஞ்சுக்கு வேண்டிய புரதமும் அதில் போதாது.

சரிசெய்த விதம் இது. இரை நிறுத்தப்பட்டது. ஒரு சிறு பிளாஸ்டிக் டப்பாவில் டிஷ்யூ விரித்து, அதை ஒரு பெரிய அட்டைப்பெட்டிக்குள் வைத்து, 40 வாட் குண்டு பல்பு ஒன்றை அட்டையிலும் டிஷ்யூவிலும் படாத தூரத்தில் தொங்கவிட்டார்கள். வெப்பத்தைக் கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. வயர் உள்ள டிஜிட்டல் தெர்மாமீட்டரின் முனை குஞ்சின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். பிறந்த முதல் சில நாளுக்கு 35 முதல் 36 டிகிரி செல்சியஸ். ஒரு வாரம் ஆனதும் 33, 34. முள் இறகு குத்தும்போது 30. இறகு மூடியபின் 26 போதும். ஈரப்பதத்துக்கு ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர்; குஞ்சு விழுந்துவிடாதபடி அதன்மேல் வலை. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். ஒடுங்கி நடுங்கினால் குறைவு. மே மாதப் பகலில் பல்பே தேவைப்படாமல் போகலாம். அதே வீட்டில் மார்கழி விடிகாலை மூன்று மணி வேறு.

குஞ்சு சிவந்து சூடேறிய பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரை 39 டிகிரியில் இரண்டு மூன்று சொட்டு மட்டும் கொடுத்தார்கள். மாலைக்குள் தீனிப்பை இறங்கியது. இறங்காமல் இருந்திருந்தாலோ, வாயில் புளித்த வாடை அடித்திருந்தாலோ மருத்துவரிடம் போயாக வேண்டும். பூஞ்சைத் தொற்று என்றால் அவர் தரும் மருந்துதான் கேட்கும். இந்த இடத்தில் பலரும் தீனிப்பையைப் பிசைந்து இறக்கப் பார்ப்பார்கள். இரை மேலேறி மூச்சுக்குழாயில் போய், குஞ்சு கையிலேயே இறந்துபோகும்.

சூடேறிய கடைக்குட்டியைக் கையில் வைத்து வளர்க்காமல், பானைக்கே திருப்பி அனுப்பினார்கள். இந்த நிகழ்வின் திருப்புமுனை அதுதான். புதிதாகப் பொரிந்த குஞ்சுக்குப் பெட்டை தானியத்தை ஊட்டுவதில்லை. தன் இரைப்பையில் சுரக்கும் புரதம் மிகுந்த பாலை ஊட்டுகிறது. அதற்கு ஈடான பொடி கடையில் இல்லை. இரண்டு கிராம் குஞ்சுக்கு இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஊட்ட எந்த வீட்டிலும் ஆள் இல்லை. ஒன்றிரண்டு நாள் செய்வார்கள், மூன்றாம் இரவு தூங்கிவிடுவார்கள். ஆகவே கடைக்குட்டி தாயிடம் இருக்க வேண்டும். தாயின் சுமையைக் குறைக்க, வெளியே எடுக்க வேண்டியது பெரிய குஞ்சுகளைத்தான். அதுவும் உடனே அல்ல. கண் திறந்து முள் இறகு வந்து, இரண்டு வாரம் ஆன குஞ்சு வெப்பத்தையும் இரை இடைவெளியையும் ஓரளவு தாங்கும். கை வளர்ப்புக்கு அதுதான் சரியான வயது.

மூத்ததுக்கு இரண்டு வாரம் ஆகும்வரை கடைக்குட்டிக்குக் காலை, மதியம், இரவு ஒன்பது மணி என மூன்று வேளை மட்டும் கூடுதலாக ஊட்டிப் பானையில் விட்டார்கள். கிளிக் குஞ்சுக்கு ஊட்டவென்றே விற்கும் ஃபார்முலாப் பொடி ஒரு பங்குக்குத் தண்ணீர் ஐந்து ஆறு பங்கு, வேளைக்கு 0.2 மி.லி.யில் தொடங்கி எடை கூடக் கூட ஏற்றினார்கள். அதே ஊரில் வேறொரு ஜோடியிடம் இதே வயதுக் குஞ்சுகள் இருந்திருந்தால் இதுகூடத் தேவைப்பட்டிருக்காது. அந்தப் பானையில் சேர்த்துவிட்டால் மாற்றுத்தாய் பெரும்பாலும் மறுக்காது.

கால் விரிந்த குஞ்சு

ஒன்பதாம் நாளில் இரண்டாவது குஞ்சின் இடது கால் உடம்புக்கு அடியில் நிற்காமல் பக்கவாட்டில் நீண்டுகொண்டிருந்தது. வழுக்கும் பானையில் பிடிமானம் இல்லை. மேலே பெட்டை அழுத்தி உட்காருகிறது. எலும்போ இன்னும் இறுகவில்லை. சுண்ணாம்புச் சத்துக் குறைவும் சேர்ந்தால் விரிதல் வேகமாகும். இரண்டு வாரத்துக்குள் கட்டினால் பெரும்பாலும் நேராகிவிடும். மூன்று வாரம் தாண்டினால் வாய்ப்புக் குறைந்துகொண்டே போகும்.

மைக்ரோபோர் டேப்பை (காயக்கட்டுக்கு ஒட்டும் காகித டேப்) 5 மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி, ஒரு காலின் கணுவுக்கு மேல் தளர்வாக ஒரு சுற்று, நடுவில் ஒட்டும் பக்கமும் ஒட்டும் பக்கமும் சேர்த்துப் பாலம், மறு காலில் ஒரு சுற்று. இடைவெளி, கால்கள் இடுப்புக்கு நேர் கீழே வரும் அளவு. அதைவிட நெருக்கினால் குஞ்சு குப்புற விழும். கட்டியதும் பத்து நிமிடம் பாதத்தைப் பாருங்கள். நிறம் நீலமாகவோ வீங்கியோ தெரிந்தால் கழற்றிவிட்டுத் தளர்த்திக் கட்ட வேண்டும். குஞ்சு வேகமாக வளர்வதால் இரண்டு நாளுக்கு ஒருமுறை புது டேப். பானையில் கனமாகச் சீவலும் போடப்பட்டது. பெட்டை டேப்பைக் கொத்தவில்லை. கொத்தியிருந்தால் கால் இரண்டும் அடியில் அடங்கும் அளவுச் சிறு கிண்ணத்தில், டிஷ்யூ நெருக்கிவைத்து, குஞ்சை வெளியே வளர்க்க வேண்டியிருந்திருக்கும். ஏழு நாள் கட்டு இருந்தது.

இரண்டு பெரியவை கைக்கு வந்த பிறகு

மூத்தது பதினைந்து நாளிலும் இரண்டாவது பதின்மூன்று நாளிலும் வெளியே எடுக்கப்பட்டன. பானையில் மூன்றாவதும் கடைக்குட்டியும் மட்டுமே. அடுத்த நாளிலிருந்தே கடைக்குட்டியின் தீனிப்பை காலையில் நிறைந்திருந்தது. கூடுதல் ஊட்டல் நிறுத்தப்பட்டது.

கை வளர்ப்பில் எல்லாத் தவறும் சூட்டில்தான் தொடங்கும். ஃபார்முலா 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 38க்குக் கீழே போனால் குஞ்சு முகம் திருப்பும், செரிமானமும் தடைபடும். 43க்கு மேல் போனால் தீனிப்பை உள்ளே வெந்துவிடும். அது உடனே தெரியாது, சில நாள் கழித்து நெஞ்சில் ஓட்டை விழுந்து இரை வெளியே கசியும். மைக்ரோவேவில் சூடாக்கினால் சூடு சீராகப் பரவாமல் அங்கங்கே மட்டும் கொதித்திருக்கும். ஆகவே வெந்நீரில் பொடியைக் கலந்து, நன்றாகக் கிளறி, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்து, கிண்ணத்தை இன்னொரு வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துக்கொண்டு ஊட்டலாம். மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். திரும்பச் சூடாக்கி அடுத்த வேளைக்கு வைப்பது நோயைக் கரைத்துக் கொடுப்பதுதான்.

அளவு, குஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு: 25 கிராம் குஞ்சுக்கு வேளைக்கு 2.5 மி.லி. இந்த வயதுக்குப் பொடி ஒன்றுக்குத் தண்ணீர் சுமார் மூன்று பங்கு, டப்பாவில் வேறு விகிதம் போட்டிருந்தால் அதுவே கணக்கு. காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது. இரவில் தீனிப்பை ஒருமுறை முழுக்கக் காலியாகியே தீர வேண்டும். காலையில் மிச்சம் இருந்தால் அந்த வேளையைத் தள்ளிப்போட்டு, முதலில் ப்ரூடரின், அதாவது பல்பு தொங்கும் அந்தச் சூட்டுப் பெட்டியின், வெப்பத்தைப் பாருங்கள்.

குஞ்சைத் துண்டின் மேல் நிறுத்தி, தலையை இரண்டு விரலால் மெல்லத் தாங்கி, ஊசி இல்லாத 3 மி.லி. சிரிஞ்சைக் குஞ்சின் இடது வாயோரத்தில் வைத்து வலதுபக்கமாகச் சாய்க்க வேண்டும். பறவையின் உணவுக்குழாய் கழுத்தின் வலப்பக்கம் போகிறது. குஞ்சு தலையை ஆட்டி ஆட்டி விழுங்கும்போது மட்டும் தள்ள வேண்டும். ஆட்டம் நின்றால் கையும் நிற்க வேண்டும். மூக்கில் இரை தெரிந்தால் அளவோ வேகமோ அதிகம். ஊட்டி முடிந்ததும் வாயோரத்தைத் துடைத்துவிட வேண்டும். கையை முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கழுவுவது குஞ்சுக்காக மட்டுமல்ல. கிளிக் காய்ச்சல் பறவையின் காய்ந்த எச்சத் தூசி வழியாக மனிதருக்கும் வரும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தை நனைத்துவிட்டுத் துடைப்பது நல்லது.

மூன்று வாரம் தாண்டியதும் மூன்று வேளை. நான்காம் வாரத்தில் ஊறவைத்த தினையும் தினைக்கதிரும் கூண்டுத் தரையில். ஐந்தாம் வாரத்தில் பறக்கத் தொடங்கும்போது எடை கொஞ்சம் இறங்கும்; அது இயல்பு. அந்தச் சமயத்தில் தானியத்தைக் கொறிப்பதைப் பார்த்து ஊட்டலை ஒரேயடியாக நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. கொறிப்பது வேறு, தின்பது வேறு. தட்டில் உமி சேர்கிறதா, இரவு விளக்கணைக்கும்முன் தீனிப்பையைத் தொட்டால் மணிமணியாகத் தட்டுப்படுகிறதா என்று பார்த்த பிறகே கடைசி இரவு வேளையை நிறுத்த வேண்டும்.

பெட்டை அடுத்த அடைக்குத் திரும்பியபோது

மூன்றாவது குஞ்சு நான்கு வாரத்தை நெருங்கியபோது அதன் முதுகில் இறகு பிடுங்கப்பட்டிருந்தது. பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகி, பானையைக் காலிசெய்யப் பார்க்கிறது என்று பொருள். சில பெட்டைகள் இறகோடு நிற்காமல் மண்டையைக் கொத்தும். இறகு தானாக உதிர்வதா, பிடுங்கப்பட்டதா என்று குழம்ப வேண்டாம். பிடுங்கினால் முதுகும் பின்கழுத்தும் வெறுமையாகும். பறக்கும் வயதில் இறக்கையிலும் வாலிலும் உள்ள நீள இறகுகள் மட்டும் உதிர்ந்து, குஞ்சு தரையில் ஓடித் திரிந்தால் அது வைரஸ் நோயாக இருக்கலாம். அந்தக் கூண்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்காமல், வேறு பறவையையும் உள்ளே சேர்க்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இங்கே பிடுங்கல்தான். மாற்றப்பட்டது பெட்டை. அதை வேறு கூண்டுக்குக் கொண்டுபோய், ஆணைக் குஞ்சுகளோடு விட்டார்கள். இந்த வயதில் இரை ஊட்டுவதில் பெரும்பங்கு ஆண்தான் செய்கிறது. கடைக்குட்டி இன்னும் சின்னது என்பதால் அதன் தீனிப்பையை மட்டும் இரண்டு நாள் காலை மாலை பார்த்தார்கள், நிறைந்தே இருந்தது. கடைசிக் குஞ்சு வெளியே வந்ததும் பானை கழற்றப்பட்டது. பானை தொங்கும்வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கு இரண்டு அடைக்குமேல் விட்டால் சுண்ணாம்புச் சத்து வற்றி, அடுத்த முட்டை தோல் முட்டையாக வரும்.

நான்கும் தேறின. கால் கட்டிய குஞ்சு கம்பில் நிற்கிறது. இடது பாதம் மட்டும் கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது. அதன் கூண்டில் கடைக்காரர் தந்த வழவழப்பான மெல்லிய குச்சிகளை எடுத்துவிட்டு, கொய்யாக் கிளையைப் பட்டையோடு, 12 முதல் 15 மில்லிமீட்டர் கனத்தில் வெட்டிக் கட்டியிருக்கிறார்கள். நெற்றியில் கோடுகள் இன்னும் இருப்பதால் ஆணா பெண்ணா என்று உறுதியாகச் சொல்லும் காலம் வரவில்லை. மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்து முளைக்கும்போது கோடுகள் பின்வாங்கும். அதன்பின் மூக்குத் தோல் தெளிவாகும். அதுவரை நான்கும் ஒரே கூண்டில் இருக்கலாம். தெளிவானதும் ஆணையும் பெட்டையையும் தனித்தனியே பிரிக்க வேண்டும். உடன்பிறந்தவை என்று பார்த்து அவை விலகி நிற்காது.